அவர் சொல்லாத குளிசை

எங்கள் வீட்டில் அந்த வருத்தம் தலையிடியாகத்தான் வந்தது. செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் பிறகு வந்தவை. தொடக்கத்தில் என் கணவர் சில நாள் காலையில் முகம் சிவந்து, மூக்கடைத்து, நெற்றியைப் பிடித்தபடி கதிரையில் இருப்பார். நான் இரண்டு பரசிற்றமோல் குளிசையும் தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். தலையிடிக்கு எல்லா வீட்டிலும் அதைத்தானே கொடுக்கிறார்கள்.

ஆண்மைக் குறைவுக்கு மருந்து எடுத்த ஒருவரின் ஈரல் எப்படிக் கெட்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இதே மருந்தை எடுக்கிறவர்களும் அவர்களுடைய மனைவிமாரும் இதை வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம். வெட்கப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். என் பங்கு வெட்கத்தை நான் பட்டு முடித்துவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு சதப் பயனும் இருக்கவில்லை.

அப்போது நாங்கள் உப்புவெளியில் இருந்தோம். அவர் துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தார். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். ஒரே மகள் மட்டக்களப்பில் என் தங்கை வீட்டில் நின்று படித்தாள். சமாதான காலம் முடிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. வளைகுடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்தால் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். வேலைக்குப் போனவர் திரும்பி வந்து சைக்கிளைச் சாத்தும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் துறைமுகத்து வேலையாட்கள் சிலரோடு அவரையும் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாக் காம்பு வாசலிலும் போய் நின்றேன். அவரை விட்டபோது மாரிமழை தொடங்கியிருந்தது. பாதி ஆளாக வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. முதுகைத் தேய்த்துவிடும்போது என் கைக்குத் தெரிந்ததுதான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருமுறை முயன்று பார்த்தார், முடியவில்லை. "பரவாயில்லையப்பா" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த நாளிலிருந்து சட்டை மாற்றுவதற்கும் கதவைச் சாத்தத் தொடங்கினார்.

எனக்கும் ஆசை இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண் தன் புருஷன் மேல் ஆசைப்பட்டதை எழுதுவதா என்று நிறைய யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். இரும்பு வாசனை அடிக்கும் அந்தக் கைகளைப் பிடிக்கும். அவர் உயிரோடு திரும்பி வந்ததே போதும் என்று பகலில் நினைப்பேன். படுக்கையில் அது போதவில்லை.

சில மாதம் கழிந்து அவர் தானாக என் பக்கம் திரும்பினார். எல்லாம் பழையபடி இருந்தது. தலைகால் தெரியாத சந்தோஷம் எனக்கு. மனமும் உடம்பும் ஆறிவிட்டன என்று நினைத்தேன். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். என்ன நேர்த்தி என்று ஐயர் கேட்டபோது, "வீட்டில எல்லாரும் சுகமா இருக்கிறம் ஐயா, அதுக்குத்தான்" என்று சமாளித்தேன்.

நாங்கள் சேர்ந்த நாட்களுக்கு அடுத்த காலைகளில்தான் தலையிடி வந்தது. நான் பகிடி பண்ணுவேன்.

"என்ன, புதுமாப்பிள்ளைக்குத் தலையிடியோ?"

"சும்மா இரு. குளிசையைத் தா."

கொடுப்பேன். துறைமுகத்திலும் தன் சட்டைப் பையில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். சம்பள நாளில் கூட்டாளிகளோடு கொஞ்சம் சாராயமும் குடிப்பார். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் ஊரில் இல்லாத காரியம் இல்லை.

பிறகு சாப்பாடு வெறுத்தது. மீன் பொரிக்கும் மணம் வந்தால் குசினியைத் தாண்டி வெளியே ஓடுவார். வலப்பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றார். அவர் உடுக்கும் சாரத்தைத் தோய்க்கும்போது பார்த்தேன், சிறுநீர் பட்ட இடம் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. கண்ணைக் காட்டச் சொன்னேன். வெள்ளை விழியெல்லாம் மஞ்சள்.

அவருடைய தமக்கை, என் மச்சாள், இரண்டு வீடு தள்ளி இருந்தார். வந்து ஒரு தரம் பார்த்தார்.

"இது செங்கமாரிதான் வசந்தி. பயப்பிடாதை. கீழ்க்காய்நெல்லி அரைச்சு ஆட்டுப்பாலில குடு. எண்ணெயும் மீனும் காட்டாதை. இங்கிலீசு மருந்து இதுக்குச் சரிவராது."

எங்கள் பக்கத்தில் செங்கமாரிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைவு. கீழ்க்காய்நெல்லியை நான் குறைசொல்லவில்லை, மச்சாளையும் குறைசொல்லவில்லை. கிருமியால் வரும் சாதாரணச் செங்கமாரி ஓய்வெடுத்தாலே பலருக்கு மாறிவிடும் என்று பிறகு டொக்டரும் சொன்னார். ஆனால் மஞ்சள் நிறம் ஈரல் போடும் கூச்சல் மட்டும்தான். ஏன் கூச்சல் போடுகிறது என்று இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் பார்க்கவில்லை. உடம்பு உளைகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் பரசிற்றமோலையும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கச்சேரியால் வந்து பார்க்கிறேன், அவர் வெல்டிங் செய்யும்போது போடும் முகமூடியை மாட்டிக்கொண்டு குசினி நிலத்தில் இருக்கிறார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"வெளிச்சம் கண்ணைக் குத்துது. அவையள் வந்திட்டினம்" என்றார். யாரும் வரவில்லை. முகமூடியைக் கழற்றினேன். என்னைத் தமக்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஓட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்து போகவேண்டும். அவரால் நடக்க ஏலாது. இறங்கச் சொன்ன ஆமிக்காரப் பொடியன் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தான். கையைக் காட்டிப் போகச் சொன்னான். அந்தச் சாவடியில் நான் கண்ட ஒரே இரக்கம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் காயப்பட்டவர்களும் நடைவழி ஓடை முழுவதும் பாயில் கிடந்தார்கள். அவருக்கும் ஒரு பாய் கிடைத்தது, பிறகு கட்டில் கிடைத்தது. பார்த்த டொக்டர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர், இளவயது, மரியாதையான ஆள். தமிழ் தெரியாது.

எனக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. என் சிங்களம் ஊரறிந்தது. சிறுவயதில் சிங்களக் குடும்பங்கள் இருந்த தெருவில் வளர்ந்தேன், கச்சேரியில் அதைத் தீட்டிக்கொண்டேன். உப்புவெளியில் யாருக்காவது வருத்தம் வந்தாலும், பொலிசுக்குப் போவதென்றாலும், ஆமிக் காம்பில் போய்க் கேட்பதென்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆட்கள் சுற்றிவளைத்துச் சொல்வதை நேராக்கி, தேவையில்லாததை விட்டுச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த வாட்டில் காயப்பட்ட மகனோடு கிளிவெட்டியிலிருந்து வந்திருந்த ஒரு தாய்க்கும் நான்தான் வாய்.

கணவருக்கும் சிங்களம் தெரியாமல் இல்லை. ஆனால் அது துறைமுகச் சிங்களம். இரும்பு, கம்பி, பாஸ், சாப்பாடு, நாளைக்கு வா, இவ்வளவுதான்.

டொக்டர் கேள்வி கேட்டார். குடிப்பாரா? எப்போதாவது. முன்பு செங்கமாரி வந்ததா? இல்லை. வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா? "இல்லை, கீழ்க்காய்நெல்லியும் பரசிற்றமோலும்தான்" என்று நானே பதில் சொல்லிவிட்டேன். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. எந்த மனைவியும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். புருஷன் என்ன விழுங்குகிறார் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் பரிசோதனை முடிவுகள் வந்தன. பிலிரூபின் (ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப்பொருள்) ஏறியிருந்தது. ஈரல் நொதிகள் (ஈரல் கலங்கள் சாகும்போது இரத்தத்தில் கலப்பவை) டொக்டரே இரண்டாம் தரம் பார்க்கும் அளவுக்கு இருந்தன. இரத்தம் உறையவும் பிந்தியது. முகமூடியோடு குசினியில் இருந்ததற்குப் பெயர் என்செபலோபதி (ஈரல் அகற்றாத கழிவு மூளையைக் குழப்புவது) என்றார்.

"இது வெறும் செங்கமாரி இல்லை. உள்ளே ஏதோ போயிருக்கிறது. அது என்ன என்று தெரியாவிட்டால் நான் இருட்டில் வைத்தியம் செய்கிறேன். அவரிடமே கேளுங்கள்" என்றார் டொக்டர்.

அன்று காலை கணவருக்கு அறிவு தெளிந்திருந்தது. கேட்டேன்.

"வேறை மருந்து ஏதும் எடுத்தனீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

"இல்லை."

டொக்டர் விடவில்லை. நாட்டு மருந்து? உடம்புப் பலத்துக்கு? குடும்ப வாழ்க்கைக்கு என்று ஏதாவது? அந்தக் கடைசிக் கேள்வியை மிகவும் நாகரிகமான சிங்களத்தில் கேட்டார். அவ்வளவு நாகரிகமான தமிழ் என்னிடம் இருக்கவில்லை.

"பலத்துக்கு எண்டு ஏதும் குடிச்சனீங்களோ?"

"ஒண்டும் இல்லை எண்டு சொல்லு."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்தார். வெக்கை தாங்கமுடியாத வாட்டு அது, எல்லோரும் சட்டையைத் திறந்துவிட்டுக் கிடந்தார்கள். சட்டை மாற்றக் கதவைச் சாத்தும் மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது, இவரிடம் ஒரு பதில் இருக்கிறது, அது என் வாய் வழியாகப் போகாது.

முதலில் வந்தது கோபம்தான். சாகிற நேரத்திலும் எனக்கு ஒளிக்கிறாரே என்று அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. ஓடைக்கு வந்தேன். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆள் அந்த வாட்டில் சிற்றூழியர். ஐம்பது வயது தாண்டியவர், சிங்களமும் தமிழும் கதைப்பார். சேலைன் கம்பிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நானா, எனக்கொரு உதவி. டொக்டர் கேக்கிறதை என்ர மனுசனிட்டை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ. நான் உள்ளுக்கு நிக்கமாட்டன்."

"நீங்கதானே புள்ள நல்லாச் சிங்களம் கதைக்கிறீங்க?"

"ஓம். அதுதான் கரைச்சல்."

என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். "சரி, நீங்க போய் இரிங்க" என்றார்.

டொக்டரிடம் போய், இனி இவர் மொழிபெயர்க்கட்டும் என்றேன். அவருக்கும் விளங்கியது போல் இருந்தது. பிறகு கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். டொக்டருக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ. சொல்லாமல் செத்தியள் எண்டால் பிறகு நான் உங்களோட கதைக்கவே மாட்டன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரக் கதை என்று தெரிந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு அவர் பல்லைக் கண்டேன்.

ஓடையில் சுவரோடு நின்றேன். கிளிவெட்டித் தாய் வந்து, தன் மகனின் காலைப் பற்றி டொக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். என் சிங்களம் முழுவதும் வாய்க்குள் நின்றது, ஒருவருக்கும் உதவாமல். உள்ளே இரண்டு ஆண்களும் ஒரு நோயாளியும் என்ன கதைத்தார்கள் என்று நான் காதுகொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் போல் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தச் சிற்றூழியர் நானா வெளியே வந்தார். பின்னால் தாதி வேகமாக மருந்து அறைக்குப் போனாள்.

"சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொல்லலாமா எண்டு கேட்டன். என்ன மருந்து எண்டு சொல்லலாமாம். ஏன் எண்டு சொல்லவேணாமாம்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த மருந்தை ஏன் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைத்த மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அன்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதை அப்படியே தருகிறேன். வேலை விஷயமாகக் கொழும்புக்குப் போனபோது என் கணவர் ஒரு டொக்டரிடம் காட்டி, சில்டெனாபில் (ஆணுறுப்புக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்து) குளிசை வாங்கியிருக்கிறார். அந்த டொக்டர் ஈரலுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லி, அதுவரை அரைக் குளிசைக்கு மேல் எடுக்கவேண்டாம் என்றிருக்கிறார். பரிசோதனை செய்யவில்லை. பிறகு கொழும்புப் பயணம் கடினமாகிவிட்டது. குளிசை முடிந்ததும், கப்பலில் வந்த சாமான் என்று துறைமுகத்தில் ஒருவன் கடதாசியில் சுற்றி விற்ற கப்சூலை வாங்கியிருக்கிறார். பெயரும் இல்லை, அளவும் இல்லை.

முறையான குளிசை நல்ல ஈரலைக் கெடுப்பது மிகவும் அரிது என்றார் டொக்டர். ஆனால் அதை உடம்பிலிருந்து அகற்றுவது ஈரல்தான். ஈரல் ஏற்கெனவே பழுதாக இருந்தால் மருந்து வெளியேறாமல் தேங்கும். அரைக் குளிசை முழுக் குளிசையின் வேலையைச் செய்யும். அதனால்தான் முதலில் இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சிறிய அளவில் தொடங்குவார்கள். ஈரல் மோசமாகக் கெட்டவருக்குக் கொடுக்கவே மாட்டார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மருந்து எடுப்பவருக்கும் கூடாது, இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகும். பெயரில்லாத கப்சூலில் அதே மருந்து அளவுக்கு மிஞ்சி இருக்கலாம், வேறு நஞ்சும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்று இருந்தது. அந்த மருந்து தலையிடியைக் கொடுக்கும். அந்தத் தலையிடிக்குத்தான் என் கையால் பரசிற்றமோல். நான் கொடுத்த இரண்டுக்கு மேல் அவர் வேலைத்தலத்தில் நான்கு போடுவாராம், மத்தியானம் மறுபடியும். மேலே சாராயம். அளவுக்கு மிஞ்சினால் பரசிற்றமோலே ஈரலைக் கொல்லும். அதற்கு அசெற்றைல்சிஸ்ரீன் (பரசிற்றமோல் நஞ்சை முறித்து ஈரலைக் காக்கும் மருந்து) உண்டு. எவ்வளவு முந்திக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பிந்திவிட்டது, ஆனாலும் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் பிழைத்தார். மெதுவாக மஞ்சள் இறங்கியது. மலம் இளகிப் போகவேண்டும் என்று கொடுத்த இனிப்புப் பாணியைக் குடிக்கும்போது முகத்தைச் சுளித்தார். அவர் முகம் சுளிப்பதைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன். கிளிவெட்டித் தாய்க்கும் பழையபடி நான் வாயானேன். அவள் மகனின் காலை எடுக்கவேண்டியிருந்தது. அந்தச் செய்தியையும் நான்தான் சொன்னேன்.

ஆனால் ஸ்கானும் மற்ற இரத்தப் பரிசோதனைகளும் நல்ல செய்தி சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி (கிருமியால் வரும் ஈரல் அழற்சி) எந்தக் காலத்திலோ அவர் உடம்பில் புகுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் ஈரலைத் தழும்பாக்கியிருந்தது. அதற்குப் பெயர் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுதல்). அந்தத் தழும்பின் மேல்தான் மற்றதெல்லாம் விழுந்திருக்கிறது. கொழும்பு டொக்டர் சொன்ன பரிசோதனையைச் செய்திருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும். என்னையும் மகளையும் சோதித்து, எங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் துறைமுகத்துக்குப் போகவில்லை. காலும் வயிறும் வீங்கின. நீர் போவதற்குக் குளிசை, உப்பில்லாச் சோறு, கிளினிக். அங்கே என்னுடைய கேள்விகளை ஒரு பெண் டொக்டரிடம் கேட்டேன். ஈரல் ஓரளவு நிலையாக இருக்கும் சிலருக்கு மட்டும் அந்தச் சில்டெனாபிலை அளந்து மிகக் குறைவாகக் கொடுக்கலாம், இவருக்குக் கூடாது என்றார். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. நான் கேட்டது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நாங்கள் உப்பைப் பற்றிக் கதைத்தோம், மகளின் பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றிக் கதைத்தோம், சீனன்குடாப் பக்கம் கேட்ட வெடிச்சத்தத்தைப் பற்றிக் கதைத்தோம்.

ஊரடங்கு மத்தியானங்களில் அவர் பக்கத்தில் படுத்திருப்பேன். ஒரு நாள் அவர் வயிற்றில் கை வைத்தேன். பறை மாதிரி இறுகியிருந்தது. கையை எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆசை இருந்தது, இன்னும் கோபம் இருந்தது. இரண்டும் அதே இடத்தில்தான் இருந்தன. எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பரிசோதனைக்கு நானே இழுத்துக்கொண்டு போயிருப்பேனே என்று கேட்க வாய் உன்னும். நோயாளியிடம் கேட்கும் கேள்வியா என்று விழுங்கிவிடுவேன்.

இரண்டாவது மாரியில் அவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஈரல் இறுகினால் உணவுக்குழாய் நாளங்கள் வீங்கி வெடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதே ஆஸ்பத்திரி, வேறு டொக்டர். இவரும் சிங்களவர், வந்து சில மாதம்தான் இருக்கும். இரத்தம் நின்ற பிறகு கட்டிலுக்கு வந்து, இந்த ஈரல் வருத்தம் எப்படித் தொடங்கியது என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். கணவர் கையை உயர்த்தினார். என்னைப் பேசவேண்டாம் என்ற கை அது.

பிறகு அவரே சொன்னார், சிங்களத்தில். சொல் சொல்லாக, இலக்கணம் இல்லாமல், துறைமுகத்தில் இரும்புக்குச் சொல்கிற அதே தொனியில். என்னைப் பிடித்தார்கள். அடித்தார்கள். விட்ட பிறகு மனைவியோடு முடியவில்லை. கொழும்பில் குளிசை வாங்கினேன். பிறகு பெயரில்லாத கப்சூல். தலையிடிக்கு வேறு குளிசை, நிறைய. மனைவிக்குத் தெரியாது. நான் சுகமாகிவிட்டேன் என்று அவள் கோயிலுக்குப் போனாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

டொக்டருக்குத்தான் சொன்னார். பார்த்தது என்னை. ஒரு தரம்கூடக் கண்ணை எடுக்கவில்லை. வெட்கம் என்பதற்கும் மறைத்தேன் என்பதற்கும் உள்ள சிங்களச் சொற்களை அவர் எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழில் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாததை, இன்னொரு பாஷையில், இன்னொரு ஆளுக்குச் சொல்வதாகச் சொல்லி முடித்தார்.

டொக்டர் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இதில் ஏதும் சேர்க்கவேண்டுமா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் எந்தப் பாஷையும் வந்திருக்காது.

அவர் போன பிறகு கணவர் கேட்டார்.

"விளங்கிச்சோ?"

"விளங்கினது."

"கோவமோ?"

"ஓம். சரியான கோவம். எனக்கெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்?"

"ஓம்" என்றார். "இப்ப கேள். எல்லாம் சொல்லுறன்."

கேட்டேன். அடுத்த நாள் பின்னேரம் மறுபடி இரத்தம் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். முதல் குளிசை போட்ட அன்று பயமாக இருந்ததா என்று கேட்டேன். வாட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் அவர் சட்டையைத் திறந்துவிட்டுப் படுத்திருந்தார். தலை என் வலது முழங்கை மடிப்பில் இருந்தது. கை விறைத்துப்போனது, எடுக்க மனம் வரவில்லை.

அந்த இரத்தத்தோடு அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சண்டையும் முடிந்துவிட்டது. நாங்கள் குடும்பமாக இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் மற்ற வருஷங்கள் எல்லாம் சேர்ந்து சின்னதாக இருக்கின்றன, அந்த ஒரு பகல் மட்டும் பெரிதாகக் கிடக்கிறது. என் உடம்பு அவரோடு முழுவதும் சேர்ந்திருந்தது அன்றுதான் என்று சொன்னால் டொக்டர்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வலது கை முழங்கைக்குக் கீழே எனக்கு இன்னும் சில நேரம் விறைக்கிறது. நரம்புக் கோளாறு என்று குளிசை எழுதித் தந்திருக்கிறார்கள். நான் அதை எடுக்கவில்லை.